கைவிட்ட தியானத்தை மீண்டும் கைக்கொள்ளல்

கடல் கடந்து வாழும் குடும்பத்திற்குக் கவலைகள் இரு கரையிலும் உண்டு. இங்கே வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு. அங்கே முதிர்ந்த பெற்றோர், பாதியில் நிற்கும் வீடு, தங்கையின் திருமணம். இரண்டிற்கும் நடுவே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். ஊரில் ஒருவர் நோயுற்றார் என்று செய்தி வந்தால், கப்பலில் இடம் கிடைத்தாலும் சென்னைத் துறைமுகம் சேர மூன்று நாள் ஆகும். விமானக் கட்டணமோ சிறுவருவாய்க் குடும்பத்திற்கு எளிதன்று. இத்தகைய வாழ்வில் மனம் சில வேளைகளில் சுமை தாங்காமல் தளர்ந்துபோவது வியப்பன்று.

இத்தளர்ச்சிக்குத் துணையாகப் பௌத்த தியான முறையைக் கற்றவர் நம்மிடையே உளர். சிலர் சென்னையில் பத்து நாள் தங்கிக் கற்றனர். சிலர் நூல் வழியாக அறிந்தனர். சில வாரம் ஒழுங்காக அமர்ந்தனர், பின்னர் ஒரு நாள் தவறியது, மறுநாளும் தவறியது, இறுதியில் முற்றும் விடுபட்டது. துன்பம் பெருகிய வேளையில் அந்தப் பயிற்சி நினைவுக்கு வருகின்றது. ஆனால் அமர எண்ணும்போதே, “விட்டுவிட்டோமே, இனி எங்கே தொடங்குவது?” என்னும் வருத்தமும் உடன் வருகின்றது. சுமைமேல் சுமையாக அவ்வருத்தமும் ஏறிக்கொள்கின்றது. இந்நிலையில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் கடலுக்குப் புதியதன்று

பௌத்தம் என்றவுடன் அது பிறர் நாட்டுச் சமயம் என்று தயங்குவோர் உண்டு. தமிழருக்கும் இக்கடலுக்கும் அது புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் என்னும் வணிகன் வரலாறு வருகின்றது. பொருளை இழந்து, பொருளீட்டக் கப்பலேறிச் சென்றான். கப்பல் உடைந்தது, முறிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலை ஒன்றில் கரையேறினான். அம்மலையை இன்றைய நிக்கோபாரோடு இணைத்துக் காணும் அறிஞரும் உளர். கரையேறிய சாதுவன் முதலில் செய்தது என்ன? அறம் உரைக்கவில்லை, ஊரைத் தேடியும் ஓடவில்லை. களைப்பு மிகுதியால் ஒரு மரத்தடியில் படுத்து உறங்கினான். பின்னரே எழுந்து, அம்மக்களின் மொழியிலேயே அவர்களோடு உரையாடி, அவர்கள் தலைவனுக்கு அறம் உணர்த்தி, ஊருக்கு மீண்டான். அலைக்கழிக்கப்பட்டவன் முதலில் இளைப்பாற வேண்டும் என்னும் சிறிய உண்மை அக்கதையில் அடங்கியுள்ளது.

முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தனர். அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற பட்டயம் கூறுகின்றது. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திரனின் கடற்படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்னும் பெயரால் நிக்கோபார் குறிக்கப்படுகின்றது. போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயரும் அப்பழைய கடல்வழியை நமக்கு நினைவூட்டுகின்றது.

பிழைப்பை நாடிப் பிரிந்து சென்ற தமிழரும் இந்நெறியை உடன் கொண்டு சென்றதுண்டு. அயோத்திதாச பண்டிதர் 1898ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் முதலிய இடங்களில், வேலை தேடிச் சென்ற தமிழரிடையே தோன்றின. ஆகவே, வந்த இடத்தில் இத்தகைய பயிற்சியைப் பேணுவது நம்மவர்க்கு முன்னரே பழகிய வழியாகும்.

இல்லறத்தார்க்கு உரிய வழி

“துறவிகள் செய்ய வேண்டியதை அலுவலும் அடுப்பும் உடைய நாம் செய்ய இயலுமா?” என்று கேட்பது இயல்பு. இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள விபஸ்ஸனா முறையைப் பரப்பியவர் இருவரும் இல்லறத்தாரே.

முதல்வர் ஊ பா கின். 1899ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்தவர். கணக்குத் துறை அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1948ஆம் ஆண்டு பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயரானார். பதவியில் இருந்துகொண்டே அலுவலகப் பணியாளருக்குத் தியானம் கற்பித்தார். 1952ஆம் ஆண்டு இரங்கூனில் பன்னாட்டுத் தியான நிலையத்தை நிறுவினார். கோப்புகளுக்கும் கணக்குகளுக்கும் நடுவே வாழ்ந்த ஒருவர் வகுத்த வழி இது என்பதை நம் அரசு ஊழியர்கள் கருதிப் பார்க்கலாம்.

இரண்டாமவர் அவருடைய மாணவர் சத்திய நாராயண கோயங்கா. மாண்டலேயில் 1924ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றக் குடும்பத்தில் பிறந்த வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலியால் துன்புற்று 1955ஆம் ஆண்டு ஊ பா கின்னை அடைந்தார். தலைவலியைப் போக்கிக்கொள்வதற்காக மட்டும் வருவதாயின் வரவேண்டா என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மை செய்வதே நோக்கம். தலைவலி தணிவது அதன் பக்கப்பயனாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. வேறு சமயத்தில் சேர நேருமோ என்ற அச்சமும் கோயங்காவுக்கு இருந்தது. அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை என்று தெளிந்த பின்னரே பயிற்சியில் அமர்ந்தார்.

1962ஆம் ஆண்டு பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. தொழில்கள் நாட்டுடைமை ஆயின. ஏறத்தாழ 3 இலட்சம் இந்திய வழியினர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவருள் தமிழர் மிகப் பலர். கோயங்காவும் தம் தொழிலை இழந்தார். கிடைத்த ஓய்வை ஆசிரியரிடம் பயிலப் பயன்படுத்திக்கொண்டார். 1969ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து இம்முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் அவர் வகுத்த பத்து நாள் பயிற்சி தொடர்ந்து நடைபெறுகின்றது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது நிலையம் அவற்றுள் ஒன்று. கட்டணம் இல்லை, முன்னர்ப் பயின்றோர் தரும் நன்கொடையால் நடைபெறுகின்றது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம். நான்காம் நாள் முதல் உடலின் உணர்வுகளைக் கவனிக்கும் விபஸ்ஸனா. இறுதியில் எல்லா உயிருக்கும் நலம் எண்ணும் மைத்திரி.

ஏன் விடுபடுகின்றது?

பயிற்சி முடிந்து வீடு திரும்புவோர்க்குக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி அமருமாறு அறிவுரை கூறப்படுகின்றது. நிலையத்தில் மணி அடித்து எழுப்புவோர் உண்டு. உணவு ஆக்கித் தருவோர் உண்டு. பேச்சில்லா அமைதி உண்டு. வீட்டில் இவை எவையும் இல்லை. ஒற்றை அறையில் நால்வர் வாழும் வீட்டில் ஒருவர் கண்மூடி அமர்ந்தால் மற்றவர் நடமாட இடமிராது. முறைவேலை செய்வோர்க்கு இன்றைய காலை நாளைய நள்ளிரவாகின்றது. இரண்டு மணி நேரம் என்னும் அளவு கைகூடாதபோது, பத்து நிமிடமும் வேண்டா என்று மனம் முடிவு கட்டிவிடுகின்றது. முழுமையும் இயலாவிட்டால் சிறிதும் வேண்டா என்னும் இவ்வெண்ணமே பயிற்சியைக் கெடுக்கும் முதற்பகை.

இரண்டாம் பகை, விட்டதை நினைந்து வருந்துதல். இதனைப் பௌத்த நூல்கள் நுட்பமாக உணர்ந்துள்ளன. தியானத்திற்குத் தடையாக ஐந்தினை அவை எண்ணுகின்றன: புலன்வேட்கை, வெகுளி, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் கழிந்ததற்கு இரங்கலும், ஐயம். நான்காவது தடையைக் கவனியுங்கள். மனத்தின் பரபரப்பையும், செய்யாது விட்டதை எண்ணி இரங்குவதையும் ஒன்றாகவே இணைத்து வைத்துள்ளனர். அதனை அடிமை வாழ்வுக்கு ஒப்பிட்டும் கூறுவர். ஆதலின், “இத்தனை மாதம் வீணாக்கினேனே” என்ற வருத்தம் பயிற்சியில் உள்ள பற்றுக்கு அடையாளம் என்று மயங்கலாகாது. அதுவே வழியை மறித்து நிற்கும் தடை. அவ்வருத்தத்தோடு வழக்காட வேண்டுவதில்லை. “இதோ நான்காம் தடை வந்துள்ளது” என்று அறிந்துகொண்டு, மூச்சுக்குத் திரும்புதலே போதும்.

மீளுதலே பயிற்சி

தியானம் என்றால் மனம் அசையாது ஓரிடத்தில் நிற்பது என்று பலர் கருதுகின்றனர். பயின்று பார்த்தோர் அறிவர்: மூச்சைக் கவனிக்க அமர்ந்தால் நான்கு மூச்சுக்குள் மனம் கடன்காரரிடமோ, ஊர்க்கிணற்றடிக்கோ சென்றுவிடும். அது சென்றதை உணர்கின்றோம், மீட்டு வருகின்றோம். மீண்டும் செல்கின்றது, மீண்டும் மீட்கின்றோம். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் அகன்றால், ஐம்பது முறை மீளும் பயிற்சி நிகழ்ந்தது என்பதே பொருள்.

இவ்வுண்மையைச் சிறிது விரித்துக் காண்போம். ஒரு நொடி அகன்ற மனத்தை மீட்பதும், மூன்று ஆண்டு அகன்ற மனத்தை மீட்பதும் ஒரே செயலே. இடைவெளியின் நீளம் வேறு. செய்யும் செயல் வேறன்று. எனவே கைவிட்ட தியானத்தை மீண்டும் தொடங்குகின்றவர் பயிற்சியின் வெளியே நிற்பவரல்லர். “அகன்றுவிட்டேன்” என்று உணர்ந்த அந்தக் கணத்திலேயே அவர் பயிற்சிக்குள் வந்துவிட்டார்.

இதற்குப் பழைய சான்று படாசாரை என்னும் பெண்ணின் வரலாறு. சாவத்தி நகரத்துச் செல்வர் மகள். தான் விரும்பிய பணியாளனோடு வீட்டை விட்டுப் பிரிந்து தொலைவூரில் வாழ்ந்தாள். இரண்டாம் பேற்றுக்குப் பிறந்தகம் நோக்கி வரும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. கணவன் பாம்பு தீண்டி இறந்தான். வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்கையில் பச்சிளங்குழந்தையைப் பருந்து தூக்கிச் சென்றது. மூத்த மகனை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதே இரவில் புயலால் வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தானும் மாண்ட செய்தியும் வந்தது. அறிவு கலங்கி, உடை நழுவியதும் உணராது திரிந்தவளைப் பலரும் விரட்டினர். புத்தர் அவளைத் தடுக்க வேண்டா என்று கூறி அருகே அழைத்தார்.

அவளிடம் அவர் நீண்ட அறவுரை எதையும் முதலில் கூறவில்லை; துன்பத்தை மறக்கவும் சொல்லவில்லை. நழுவிய நினைவை மீட்டுக்கொள்ளும்படி மட்டும் கூறினார். அவள் தன்னை உணர்ந்தாள்; ஒருவர் எறிந்த மேலாடையை எடுத்து உடுத்தாள்; அதன் பின்னரே அறம் கேட்டாள். பிற்காலத்தில் துறவியான அவள், ஒரு நாள் கால் கழுவும்போது ஊற்றிய நீர் ஓடுவதைக் கவனித்தாள். முதலில் ஊற்றியது சிறிது தொலைவு ஓடி மண்ணில் மறைந்தது. அடுத்தது இன்னும் சிறிது தொலைவு ஓடியது. மூன்றாவது அதனினும் அப்பால் சென்று மறைந்தது. வாழ்நாளும் அவ்வாறே குறுகியும் நீண்டும் முடிவதை அதில் கண்டு மனம் ஒருமைப்பட்டாள் என்று நூல்கள் கூறுகின்றன. யாவற்றையும் நீர் கொண்டுபோன ஒருத்திக்குக் காலில் ஊற்றிய நீரே தியானப் பொருளாயிற்று.

இத்தீவினர்க்கு இவ்வரலாறு வெறுங்கதையாகத் தோன்றாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சூறையாடியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு, மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஒரே நாளில் பலரை இழந்தவர்க்கு “அமைதியாக இரு” என்னும் சொல் பயன்படாது. கால் நிலத்தில் ஊன்றியிருப்பதையும், ஒரு மூச்சு உள்ளே வந்து வெளியே செல்வதையும் உணர்தலே நினைவை மீட்கும் முதற்படி. பெருந்துன்பத்தில் அவ்வளவே இயலும், அவ்வளவும் பயிற்சியே.

நரம்பை முறுக்கும் அளவு

மீண்டும் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரு தவறு செய்கின்றனர். இழந்ததை ஈடு செய்யும் எண்ணத்தில் முதல் நாளே ஒரு மணி நேரம் அமர்கின்றனர். மூன்றாம் நாள் கால் மரத்து, மனம் சலித்து, மறுபடியும் விட்டுவிடுகின்றனர். சோணர் என்னும் துறவியின் வரலாறு இவர்க்கு உரியது. செல்வ வீட்டில் மென்மையாக வளர்ந்த அவர், பாதம் குருதி சிந்தும் அளவுக்கு நடந்து தியானம் செய்தார். பயன் காணாது, துறவை விட்டு வீட்டிற்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். அவர் முன்னர் வீணை வாசிப்பவர் என்பதை அறிந்த புத்தர், நரம்பு மிக முறுகினால் இசை பிறக்குமா, மிகத் தளர்ந்தால் பிறக்குமா என்று கேட்டார். இரண்டிலும் பிறவாது, அளவாக முறுக்கினாலே பிறக்கும். முயற்சியும் அவ்வாறே என்று உணர்த்தினார்.

சுமையால் தளர்ந்தவரின் மனம் முன்னரே முறுகிய நரம்பு. அதனை மேலும் முறுக்கலாகாது. ஆகையால் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதுமானது. இரண்டு வாரம் தவறாது நடந்த பின்னர் ஐந்து நிமிடம் கூட்டலாம்.

செய்யும் முறை

நேரத்தைத் தனியே தேடுவதினும், நாள்தோறும் தவறாது நிகழும் ஒரு செயலோடு இணைத்துக்கொள்ளுதல் எளிது. மாலை விளக்கேற்றிய பின், குளித்த பின், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் என்று ஏதேனும் ஒன்றைக் கொள்ளலாம். இத்தீவுகளில் ஐந்து மணி அளவிலேயே பொழுது புலர்ந்துவிடும். அக்காலை அமைதி நமக்கு இயற்கை தந்த பேறு. முறைவேலை செய்வோர் கடிகாரத்தைப் பாராமல், “உறங்கி எழுந்தவுடன்” என்று வைத்துக்கொள்வது நலம்.

பாயிலோ நாற்காலியிலோ முதுகு நேராக இருக்க அமரலாம். மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டா. இயல்பாக வந்துபோகும் மூச்சு மூக்கின் நுனியில் படுவதை உணர்ந்திருத்தல் போதும். மனம் மிகவும் அலைந்தால் மூச்சுகளை எண்ணலாம். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவராக அறியப்படும் புத்தகோசர், 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இயற்றிய விசுத்திமார்க்கம் என்னும் நூலில் இம்முறையை விளக்குகின்றார். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணுதல் வேண்டும் என்பது அவர் கூறும் அளவு. எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். அங்கும் மீளுதலே பாடம்.

அமரவே இயலாதவாறு உள்ளம் பரபரத்தால் என் செய்வது? மச்சிம நிகாயத்தில் ஓர் உவமை உண்டு. விரைந்து செல்லும் ஒருவன், “ஏன் விரைகின்றேன், மெல்ல நடக்கலாமே” என்று எண்ணுகின்றான். பின்னர் நிற்கின்றான், பின்னர் அமர்கின்றான், இறுதியில் படுக்கின்றான். மனத்தையும் அவ்வாறு படிப்படியாகவே தணிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மனத்தை ஒரே அடியில் அமர்த்த முயல்வது பயன் தராது. ஆகவே முதலில் நடந்து பழகலாம். வீட்டு முற்றத்திலோ, ஜெட்டிக்குச் செல்லும் வழியிலோ, இருபது அடி தொலைவு மெல்ல நடந்து திரும்பலாம். கால் எழுவதையும் ஊன்றுவதையும் கவனித்தால் அதுவும் தியானமே.

இல்லத்தரசியர்க்குத் தனி நேரம் கிடைப்பது அரிது. பாத்திரம் துலக்கும்போது கையில் படும் நீரையும், கோலமிடும்போது விரலின் அசைவையும் முழுமையாக உணர்ந்து செய்யும் ஐந்து நிமிடம் வீண் போகாது. ஆயினும் நாளில் சிறு பொழுதேனும் அவர்களைத் தனித்திருக்க விடுதல் வீட்டிலுள்ள மற்றவரின் கடமை. தேநீர்ப் பாத்திரத்தை ஒரு நாள் கணவர் அடுப்பில் ஏற்றினால் அதுவும் அறத்தில் சேரும்.

அமர்ந்து முடித்தபின், தம் குடும்பத்தார்க்கும், ஊரிலுள்ளார்க்கும், மனக்கசப்பு உடையார்க்கும், இறுதியாகத் தமக்கும் நலம் எண்ணி எழுதல் நன்று. தம்மைப் பழித்துக்கொள்ளும் பழக்கம் உடையோர் தமக்கு நலம் எண்ணுவதை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

எது தீரும், எது தீராது?

தியானத்தால் கடன் அடையாது; இடமாற்ற ஆணை மாறாது; கப்பற் சீட்டும் கிடைத்துவிடாது. இதனை வெளிப்படையாக உணர்ந்துகொள்ளுதல் நல்லது. புத்தர் இரண்டு அம்புகளின் உவமையால் இதனை விளக்கினார். துன்பம் வந்து தாக்குவது முதல் அம்பு. அதனை எண்ணி எண்ணிப் புலம்பித் தன்னையே துன்புறுத்திக்கொள்வது இரண்டாம் அம்பு. பயிற்சியால் தவிர்க்கக் கூடியது இரண்டாம் அம்பே. அது குறைந்தால் முதல் அம்பைப் பிடுங்குவதற்கு வேண்டிய தெளிவு பிறக்கும். எழுத வேண்டிய விண்ணப்பத்தை எழுதவும், கேட்க வேண்டிய உதவியைக் கேட்கவும் மனம் துணியும்.

இக்கால மருத்துவமும் இதனை ஆராய்ந்துள்ளது. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் இம்முறையைத் தழுவிய எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் வழிவந்த மற்றொரு பயிற்சியை, பலமுறை மனச்சோர்வு நோய் கண்டு தேறியவர்க்கு அந்நோய் திரும்பாதிருக்கும் பொருட்டு, பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2004ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. நோயினின்றும் தேறி நிற்கும் காலத்தில் செய்வதற்கே அப்பரிந்துரை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லார்க்கும் எல்லா வேளையிலும் தியானம் பொருந்துவதில்லை. பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானோர் சிலர்க்குக் கண்மூடி மூச்சைக் கவனித்தால் அச்சம் மிகும். பழைய காட்சிகள் எழும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, காலடி நிலத்தையோ கேட்கும் ஒலியையோ கவனித்தல் நலம். அதுவும் துன்புறுத்தினால் நிறுத்திவிடலாம். கடும் மனக்கலக்கத்தின் நடுவே பத்து நாள் பயிற்சிக்குப் புறப்படுவதும் தக்கதன்று. பல நாள் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால், தியானத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். இந்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது, தமிழிலும் பேசலாம். மருந்து உண்பது பயிற்சியின் தோல்வி அன்று. புண்பட்ட காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்பவன் நடையைக் கைவிட்டவன் ஆகான்.

துணையின் வலிமை

ஆனந்தர் ஒருமுறை புத்தரிடம், நல்ல நட்பு அறவாழ்வில் பாதி எனலாம் என்றார். பாதி அன்று, அதுவே முழுமை என்று புத்தர் மறுமொழி கூறினார். பயிற்சியைத் தனியே தொடங்குவோர் பலர். துணையோடு தொடர்வோரே நிலைபெறுவர். கடல் கடந்து வந்தோர்க்குச் சங்கமே உறவினர் கூட்டம். வாரத்திற்கு ஒருநாள், நான்கு பேர் ஒருவர் வீட்டில் அரைமணி நேரம் பேசாது அமர்ந்து, பின்னர் தேநீர் அருந்திப் பிரிந்தால் போதும். இதற்கு மேடையும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. ஹட்பேயிலோ டிக்ளிப்பூரிலோ தனித்து வாழ்வோர், ஊரிலுள்ள ஒரு நண்பரோடு நேரம் குறித்துக்கொண்டு, அவரவர் இடத்திலேயே அமரலாம். முடிந்தபின் “அமர்ந்தேன்” என்று ஒரு சொல் தெரிவித்துக்கொண்டால் அதுவே துணையாகும்.

நெடுநாள் வராதிருந்த ஒருவர் மீண்டும் வந்தால், “இத்தனை நாள் எங்கே போனீர்?” என்று வினவாமல் இடம் விட்டு அமரச் செய்தல் வேண்டும். படாசாரைக்கு மேலாடை எறிந்தவர் யார் என்று வரலாறு கூறவில்லை. அவர் அவளை எதுவும் கேட்கவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். மீண்டு வருவோர்க்கு நாம் செய்யத்தக்கதும் அவ்வளவே.

அன்பர்களே, விட்டுவிட்டோம் என்ற வருத்தத்தால் இன்னும் ஒரு நாளைத் தள்ளிப்போட வேண்டா. இன்று மாலை விளக்கேற்றியபின் பத்து மூச்சுகளை எண்ணிப் பாருங்கள். நான்காவதில் மனம் ஓடிவிட்டால், மறுபடியும் ஒன்று என்று எண்ணுங்கள்.